பதில் எழுதாத மருத்துவர்கள்



மருத்துவர்களிடம் கேள்வி கேட்டுப் பதில் வாங்குவது எப்படி என்பதுதான் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு இது கொஞ்சம் சில்லறை விஷயமாகத் தோன்றலாம். "வினாத்தாளைத் தபாலில் அனுப்புவதா, இணையத்தில் அனுப்புவதா என்று பேசுவதற்கு ஒரு மணி நேரமா?" என்று அழைப்பிதழைப் பார்த்த நண்பர் கேட்டார். ஒரு மணி நேரம் போதாது என்று பதில் சொன்னேன். புகைபிடிப்பவர் எத்தனை ஆண்டு முன்கூட்டியே சாகிறார் என்பதும், ஊரகத்தில் வேலை பார்க்க மருத்துவர்கள் ஏன் தயங்குகிறார்கள் என்பதும் நமக்குத் தெரிந்திருக்கிறது என்றால், முகம் தெரியாத மருத்துவர்கள் பலர் நேரம் ஒதுக்கி ஒரு தாளை நிரப்பித் திருப்பி அனுப்பியதுதான் காரணம். அந்தப் பழக்கம் இன்று தேய்ந்துவருகிறது. அதனால் பேச வேண்டியிருக்கிறது.

கதை 1951இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு அக்டோபர் இறுதியில் பிரிட்டனில் பதிவு பெற்ற மருத்துவர்கள் எல்லோருக்கும், ஏறத்தாழ 59,600 பேருக்கு, ஒரு சின்ன வினாத்தாள் போனது. அனுப்பியவர்கள் ரிச்சர்ட் டாலும் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில்லும். நுரையீரல் புற்றுநோய் ஏன் பெருகுகிறது என்று அவர்கள் தேடிக்கொண்டிருந்த காலம் அது. வினாத்தாளில் கேட்டது மிகக் கொஞ்சம். பெயர், முகவரி, வயது. இப்போது புகைபிடிக்கிறீர்களா, முன்பு பிடித்து விட்டுவிட்டீர்களா, எப்போதுமே பழக்கமாகப் பிடித்ததில்லையா? பிடிப்பவர் என்றால் எந்த வயதில் தொடங்கினீர்கள், எவ்வளவு, சிகரெட்டா பைப்பா? அவ்வளவுதான். பதில் நிறைய வர வேண்டும் என்பதற்காகவே தாளைச் சின்னதாக வைத்தோம் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். ஐம்பது பக்க வினாத்தாள் தயாரித்துக்கொண்டு வரும் என் மாணவர்களிடம் நான் முதலில் காட்டுவது இந்தத் தாளைப் பற்றிய வாக்கியத்தைத்தான்.

நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் பயன்படுத்தத்தக்க பதில் அனுப்பினார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு.

ஏன் மருத்துவர்களைப் பிடித்தார்கள்? அவர்கள் பதிவேட்டில் இருப்பவர்கள். தொழில் செய்ய வேண்டுமென்றால் பதிவைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும், ஆகவே முகவரி கிடைக்கும். மருத்துவர் ஒருவர் இறந்தால் அவருடைய இறப்புச் சான்றின் விவரம் அரசுப் பதிவாளர் அலுவலகத்திலிருந்து ஆய்வாளர்களுக்கு வந்துவிடும். ஒரு பெயர்ப் பட்டியல், ஒரு தபால் உறை, ஒரு இறப்புப் பதிவு. இந்த மூன்றையும் கோத்ததில்தான் ஆய்வின் திறமை இருந்தது. 29 மாதங்கள் கழித்துப் பார்த்தபோது, 35 வயதுக்கு மேற்பட்ட 24,389 ஆண்களில் 789 பேர் இறந்திருந்தார்கள். அதில் 36 பேர் நுரையீரல் புற்றுநோயால். புகை கூடக் கூட அந்த நோயின் சாவும் படிப்படியாகக் கூடியது. 1954 ஜூன் 26ஆம் தேதி பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அது வந்தது. சரியாக ஐம்பது ஆண்டு கழித்து, அதே ஜூன் 26இல், அதே இதழில், 91 வயது டால் தன் பெயரை முதலில் போட்டு ஐம்பதாண்டு முடிவை வெளியிட்டார். விடாமல் புகைத்தவர்கள் சராசரியாகப் பத்து ஆண்டு முன்னதாக இறந்தார்கள் என்பது அந்த முடிவு. இடையில் 1957, 1966, 1971, 1978, 1991, 2001 என்று ஆறு முறை மறுபடியும் வினாத்தாள் போனது. ஒவ்வொரு முறையும் உயிரோடு இருந்தவர்களில் குறைந்தது 94 சதவீதம் பேர் பதில் எழுதினார்கள். இன்று அந்த எண்ணைப் படித்தால் பெருமூச்சுதான் வருகிறது.

இதுவரை சொன்னது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொரு பகுதி, அதை அதிகம் பேர் பேசுவதில்லை. முதல் முறை பதில் எழுதாத அந்த மூன்றில் ஒரு பங்கு மருத்துவர்கள் யார்?

டாலும் ஹில்லும் அந்தக் கேள்வியை விடவில்லை. பதிவேட்டிலிருந்து பத்துக்கு ஒருவர் என்று எடுத்து, பதில் எழுதியவர், எழுதாதவர் இருவரையும் சேர்த்து இறப்பு விகிதத்தைக் கணக்கிட்டார்கள். ஆய்வின் இரண்டாம் ஆண்டில், பதில் எழுதியவர்களின் இறப்பு விகிதம் எல்லா மருத்துவர்களின் இறப்பு விகிதத்தில் வெறும் 63 சதவீதம். மூன்றாம் ஆண்டில் அது 85 ஆனது. நான்காம் ஆண்டு முதல் பத்தாம் ஆண்டு வரை சராசரியாக 93. வினாத்தாளை நிரப்பினால் ஆயுள் கூடும் என்று எடுத்துக்கொள்ள முடியாது! நோயில் படுத்திருந்தவர், இனி அதிக நாள் இல்லை என்று தெரிந்தவர், தபாலில் வந்த தாளை ஓரமாக வைத்துவிட்டார். அவர்கள் காலமானபின் இரு தரப்புக்கும் இடையிலான இடைவெளி சுருங்கியது.

பதில் வராததற்கான காரணமும், நாம் அளக்க வந்த பொருளும் இங்கே ஒரே இடத்தில் இருக்கின்றன. "பிரிட்டிஷ் மருத்துவர்களின் இறப்பு விகிதம் என்ன?" என்பதே கேள்வியாக இருந்திருந்தால், இரண்டாம் ஆண்டின் விடை படுபிழையாகியிருக்கும். ஆனால் அவர்கள் கேட்டது, புகைப்பவருக்கும் புகைக்காதவருக்கும் என்ன வித்தியாசம் என்று. பதில் எழுதியவர்களுக்குள்ளேயே ஒப்பிட்டதால் முடிவு தப்பியது. ஒரே வினாத்தாள், ஒரே பதில்கள். ஒரு கேள்விக்கு உதவும், இன்னொரு கேள்விக்கு உதவாது. பதில் விகிதம் 60க்கு மேல் இருந்தால் நல்ல ஆய்வு, கீழே இருந்தால் மோசம் என்று மதிப்பெண் போடும் தேர்வாளர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவிலும் தபாலை நம்பியே ஒரு பெரிய காரியம் நடந்தது. மருத்துவர் உடல்நல ஆய்வு என்று பெயர். ஆஸ்பிரின் மாரடைப்பைத் தடுக்குமா என்று பார்க்க, 1982 முதல் 2,61,248 ஆண் மருத்துவர்களுக்குக் கடிதம் போனது. 1,12,528 பேர் பதில் எழுதினார்கள். 59,285 பேர் சம்மதித்தார்கள். வடிகட்டி வடிகட்டிக் கடைசியில் எடுத்துக்கொண்டது 22,071 பேரை. மாத்திரையும் தபாலில்தான் போனது, உடல்நிலை விவரமும் தபாலில்தான் வந்தது. முதல் மாரடைப்பு 44 சதவீதம் குறைந்தது என்ற முடிவு அங்கிருந்து கிடைத்தது.

இப்படிப்பட்ட மருத்துவர்கள் எங்கே போனார்கள்? 1991இல் மருத்துவ இதழ்களில் வெளியான ஆய்வுகளில் இருந்த 321 தபால் கணக்கெடுப்புகளை ஆஷ் என்பவரும் அவருடைய சகாக்களும் கூட்டிப் பார்த்தார்கள். 1997இல் வந்த கட்டுரை. சராசரிப் பதில் விகிதம் ஏறத்தாழ 60 சதவீதம். மருத்துவர்களிடம் கேட்டவற்றில் 54, மற்றவர்களிடம் கேட்டவற்றில் 68. அதாவது இணையம் பரவுவதற்கு முன்பே, மற்றவர்களைவிட மருத்துவர்கள் குறைவாகத்தான் பதில் எழுதிவந்தார்கள்.

காரணத்தைப் பிரிட்டனில் சிலர் தொலைபேசியில் கேட்டே விட்டார்கள். தபால் வினாத்தாளுக்குப் பதில் எழுதாத பொதுநல மருத்துவர்களைக் கூப்பிட்டு, ஏன் எழுதவில்லை என்று கேட்ட அந்த ஆய்வு 1998இல் வந்தது. கிடைத்த பதில்கள்: தாள்களோடு தாளாகக் காணாமல் போய்விட்டது; நேரமில்லை; வினாத்தாள் என்றாலே குப்பைத்தொட்டிக்கு அனுப்பிவிடுவது வழக்கம். கொள்கை எதிர்ப்போ, தலைப்பில் வெறுப்போ பெரிதாக இல்லை. மேசையில் குவிந்த காகிதம்தான் எதிரி. மருத்துவர் கண்ணில் படுவதற்கு முன்பே வரவேற்பு மேசையில் தபாலைப் பிரிக்கிறவர் ஒதுக்கிவிடுவதும் உண்டு. நம் ஊர் கிளினிக்குகளில் மருந்து நிறுவனப் பிரதிநிதிகள் விட்டுச்செல்லும் வழவழப்பான அட்டைகளின் கதி என்ன என்று உங்களுக்கே தெரியும்.

ஆகவே உறையைப் பிரிக்க வைப்பதே ஒரு கலையாக வளர்ந்தது. வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் டான் டில்மன் 1978இல் அதற்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். 2009இல் வந்த காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு, தபால் வினாத்தாள்களைப் பற்றி மட்டும் 481 சோதனைகளை அலசியது. திருப்பி அனுப்பும் உறையில் அச்சுமுத்திரை குத்துவதைவிட உண்மையான தபால்தலை ஒட்டினால் பதில் கூடுகிறது. பதிவுத் தபால் மாதிரி கையெழுத்து வாங்கிக் கொடுத்தால் கூடுகிறது. வினாத்தாள் சுருக்கமாக இருந்தால் கூடுகிறது. எல்லாவற்றுக்கும் மேல் பணம். பணம் வைத்தால் பதில் வருவதற்கான வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்காகிறது.

மருத்துவருக்குப் போய்ப் பணமா என்று சிரிக்க வேண்டாம். பேசுவது இரண்டு டாலர், ஐந்து டாலர் பற்றி. அது கூலி ஆகாது. மொய்க்கவர் மாதிரி. வாங்கிவிட்டால் திருப்பிச் செய்தாக வேண்டும் என்று மனம் உறுத்தும். அதனால்தான் "நிரப்பி அனுப்பினால் தருகிறோம்" என்பதைவிட, முதல் உறையிலேயே நோட்டை வைத்து அனுப்புவது அதிகம் பலிக்கிறது. மின்னஞ்சலில் நோட்டை வைக்க முடியாது. கணக்கில் வரவு வைக்கலாம், பரிசுக் குறியீடு தரலாம். கையில் விழும் தாளின் உறுத்தல் அதில் இல்லை என்பது என் எண்ணம். அதே காக்ரேன் தொகுப்பில் இன்னொரு செய்தியும் உண்டு: மின்னஞ்சலின் தலைப்பு வரியில் "சர்வே" என்ற சொல் இருந்தால் பதில் குறைகிறது. ஆய்வு செய்பவர் உண்மையைச் சொன்னால் தண்டனை!

இணையம் வந்ததும் எல்லோரும் ஆசைப்பட்டோம். அச்சுக்கூலி இல்லை, தபால் செலவு இல்லை, பதில்களை ஆள்வைத்துத் தட்டச்ச வேண்டியதில்லை, கையெழுத்துப் புரியாத தொல்லை இல்லை. மருத்துவர் கையெழுத்து வேறு! இந்த ஆசையை முறையாகச் சோதித்தவர்கள் ஆஸ்திரேலியர்கள்.

மெல்போர்ன், மோனாஷ் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவர்கள் நாடு முழுவதும் உள்ள மருத்துவர்களின் வேலை, வருமானம், வாழ்க்கை பற்றி ஆண்டுதோறும் கேட்கும் 'மேபல்' என்ற கணக்கெடுப்பை 2008இல் தொடங்கினார்கள். முழு அளவில் இறங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்தார்கள். ஆன்டனி ஸ்காட்டும் சகாக்களும் அதை 2011இல் வெளியிட்டார்கள். மருத்துவம் பார்த்துக்கொண்டிருக்கும் 54,160 மருத்துவர்களின் பெயர்ப் பட்டியலிலிருந்து 2,702 பேரைக் குலுக்கல் முறையில் எடுத்தார்கள். பொதுநல மருத்துவர், சிறப்பு மருத்துவர், சிறப்புப் பயிற்சியில் இருப்பவர், மருத்துவமனைப் பணியில் இருக்கும் மற்றவர் என்று நான்கு வகை. நகரம் முதல் அத்துவானம் வரை ஆறு வகை இடம். எல்லா வகையிலும் ஆள் வரும்படி எடுத்து, மூன்று கூட்டமாகப் பிரித்தார்கள். 902 பேருக்கு இணைய வினாத்தாள் மட்டும். 900 பேருக்குத் தாளும் இணைய நுழைவு விவரமும் சேர்த்து ஒரே உறையில். மீதி 900 பேருக்கு முதலில் இணையம், பதில் வராவிட்டால் நினைவூட்டல் கடிதத்தோடு தாள்.

ஒன்றைக் கவனியுங்கள். இணையக் கூட்டத்துக்கும் அழைப்பு தபாலில்தான் போனது. கடிதத்தில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இருக்கும். அதைப் பார்த்துத் தட்டி உள்ளே போக வேண்டும். தபாலை ஒழிக்க வந்த இணையத்துக்குத் தபால்காரர் துணை தேவைப்பட்டது.

இணையம் மட்டும் என்ற கூட்டத்தில் 12.95 சதவீதம் பேர் பதில் தந்தார்கள். இரண்டையும் ஒன்றாக அனுப்பிய கூட்டத்தில் 19.7. முதலில் இணையம், பிறகு தாள் என்ற கூட்டத்தில் 20.7. கடைசி இரண்டுக்கும் இடையே சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. தாளே போகாத கூட்டம் ஏறத்தாழ ஏழெட்டுப் புள்ளி பின்தங்கியது. இதை மட்டும் கேட்டுவிட்டு "தபாலே சிறந்தது" என்று எழுந்து போகிறவர்கள் உண்டு. கொஞ்சம் உட்காருங்கள்.

யார் பதில் தந்தார்கள் என்று பார்த்தபோது நிலைமை திரும்பியது. தாள் சேர்ந்த இரண்டு கூட்டங்களிலும் பதில் தந்தவர்கள் மொத்த மருத்துவர் கூட்டத்திலிருந்து சற்று விலகி நின்றார்கள். குறைவாகப் பதில் வந்த இணையக் கூட்டமோ மொத்தக் கூட்டத்தைப் போலவே இருந்தது. தாள் கூடுதலாகப் பலரை இழுத்துவந்தது, ஆனால் எல்லா வகையிலிருந்தும் சமமாக இழுத்துவரவில்லை. பதில் கூடினால் உண்மையும் கூடும் என்ற நம் பழைய நம்பிக்கைக்கு இது நல்ல அடி.

இதையும் அப்படியே விழுங்கிவிடக் கூடாது. 902இல் 12.95 சதவீதம் என்றால் 117 பேர் அளவுதான். அவ்வளவு சின்னக் கூட்டத்தில் இப்படிப்பட்ட விலகல், அதாவது சார்பு, இருந்தாலும் கண்டுபிடிப்பது கடினம். சார்பு இல்லை என்பது வேறு, சார்பு கண்ணில் படவில்லை என்பது வேறு. ஒப்பிட்டதும் பட்டியலில் ஏற்கெனவே இருந்த விவரங்களைத்தான். வேலையில் சலித்துப்போனவர்தான் பதில் எழுதினாரா, மகிழ்ச்சியாக இருப்பவர்தான் எழுதினாரா என்று எந்தப் பட்டியலும் சொல்லாது. டாலின் நோயுற்ற மருத்துவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். வயதும் பாலும் ஊரும் பொருந்தியிருக்கும், நோய் மட்டும் பொருந்தியிருக்காது.

இணையத்தில் இன்னொரு ஓட்டை இருந்தது. பதில் தந்தவர்களே கேள்விகளை விட்டுவிட்டுப் போனது அங்கேதான் அதிகம். தாளைக் கையில் வைத்திருப்பவருக்கு இன்னும் எத்தனை பக்கம் என்று தெரியும். நடுவில் நோயாளி வந்தால் கவிழ்த்து வைத்துவிட்டு மாலையில் தொடர்வார். வருமானம் பற்றிய கேள்வியைத் தாண்டிப்போய், பிறகு மனம் மாறித் திரும்புவார். சிலர் ஓரத்தில் கோபமாக இரண்டு வரி எழுதுவார்கள். கணக்கில் சேராவிட்டாலும் ஆய்வாளருக்கு அது பொக்கிஷம். திரையில் ஒரு முறை சாளரத்தை மூடினால் பெரும்பாலும் அத்தோடு முடிந்தது.

செலவில் இணையம்தான் மலிவு, இரண்டையும் சேர்த்து அனுப்பியதே அதிகம். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து ஆய்வாளர்கள், கொடுத்த பணத்துக்கு அதிகப் பயன் என்று சொன்னது, முதலில் இணையமும் பிறகு தாளும் என்ற வரிசையை. அதிலும் கொஞ்சம் சார்பு உண்டு என்ற எச்சரிக்கையோடு. அந்த நாட்டில், அந்தக் காலத்தில் அது நியாயமான தீர்ப்பு என்றே நினைக்கிறேன்.

வரிசையைத் திருப்பினால் என்ன ஆகும் என்று அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 2005இல் பார்த்தார்கள். தங்கள் மருத்துவத் துறையைச் சேர்ந்த 500 மருத்துவர்களிடம் மின்னணு நோயாளிக் குறிப்பேடு பற்றிக் கேட்டார்கள். பாதிப் பேருக்கு முதலில் தாள், பிறகு இணையம். மறுபாதிக்கு முதலில் இணையம், பிறகு தாள். முதலில் தாள் போன கூட்டத்தில் 70.5 சதவீதம், மற்றதில் 62.9. ஆனால் முதலில் இணையம் போன கூட்டத்தில் பதில் ஐந்து நாள் முன்னதாக வந்தது. ஒரே நிறுவனம், எல்லோர் மேசையிலும் கணினி, கேள்வியும் கணினியைப் பற்றியே. அப்படியும் தாள் முந்தியது.

அவசரமாகப் பதில் வேண்டுமா, இணையம். அதிகம் பேர் வேண்டுமா, தாளும் வேண்டும். இரண்டிலும் அடிப்படை ஒன்றே: யாருக்கு அனுப்பினோம் என்று பெயர் பெயராகத் தெரிந்திருந்தது. 59,600, 2,702, 500 என்ற எண்கள் எல்லாம் கையிலிருந்த பட்டியலிலிருந்து வந்தவை. தபாலா இணையமா என்ற சண்டை பட்டியல் உள்ளவர்கள் போடுகிற சண்டை.

நம்மிடம் என்ன நடக்கிறது? முதுநிலை மாணவர் கூகுள் ஃபார்ம் ஒன்றைத் தயாரிக்கிறார். தன் கல்லூரி நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார். அவர்கள் தங்கள் குழுக்களில் போடுகிறார்கள். "ப்ளீஸ் ஃபில் பண்ணுங்க சார், தீசிஸ்க்கு" என்று கீழே ஒரு வரி, இரண்டு கும்பிடு. பத்து நாளில் சில நூறு பதில். எத்தனை பேர் கண்ணில் பட்டது? தெரியாது. மருத்துவரல்லாத யாராவது நிரப்பினார்களா? தெரியாது. ஒரே ஆள் இரண்டு முறை நிரப்பினாரா? தெரியாது. பதில் விகிதம் கணக்கிட வகுக்கும் எண்ணே இல்லை. ஆனாலும் ஆய்வேட்டின் தலைப்பு "தமிழ்நாட்டு மருத்துவர்களிடையே" என்றுதான் தொடங்குகிறது. 12.95 சதவீதத்தைப் பார்த்து ஆஸ்திரேலியர்கள் கவலைப்பட்டார்கள். நமக்குக் கவலைப்பட ஒரு சதவீதம்கூட இல்லை. இதை நான் மாணவர் குற்றமாகச் சொல்லவில்லை. கையெழுத்துப் போடும் வழிகாட்டிகள் நாங்கள்தான்.

பட்டியல் கிடைப்பதில்லை என்பார்கள். ஓரளவு உண்மை. மருத்துவர் பதிவு நம் மாநிலத்தில் 1914ஆம் ஆண்டின் சென்னை மருத்துவப் பதிவுச் சட்டத்திலிருந்தே நடக்கிறது. ஆனால் பதிவு செய்த நாளில் கொடுத்த முகவரியிலேயே எல்லோரும் குடியிருப்பதில்லை. வெளிநாடு போனவர், தொழிலை விட்டவர், காலமானவர் என்று கழிக்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள். 2024 ஆகஸ்டில் தேசிய மருத்துவப் பதிவேட்டுக்கான இணையதளத்தைத் தேசிய மருத்துவ ஆணையம் தொடங்கியது. அதை உயிரோட்டமாக வைத்திருப்பது ஆய்வாளர்களுக்காக மட்டும் செய்யும் வேலையல்ல. ஒரு மாவட்டத்தில் எத்தனை மயக்கவியல் மருத்துவர் இருக்கிறார் என்று தெரியாமல் எதைத் திட்டமிடுவது?

முழு மாநிலப் பட்டியல் வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு மாவட்டத்து ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களின் பெயர்ப் பட்டியலை அனுமதி பெற்று வாங்குங்கள். இருநூறு பெயர் இருந்தால் போதும். ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுங்கள், அந்த எண் எதற்கு என்று கடிதத்தில் ஒளிக்காமல் சொல்லுங்கள். இணைய இணைப்பை முதலில் அனுப்புங்கள். வராதவருக்கு நினைவூட்டுங்கள், பிறகு தபால்தலை ஒட்டிய உறையோடு தாளை அனுப்புங்கள். அதற்கும் மௌனமாக இருப்பவர்களில் இருபது பேரையாவது தொலைபேசியில் அழைத்து, இரண்டே கேள்வி கேளுங்கள். எத்தனை பேரைக் கேட்டோம், எத்தனை பேர் சொன்னார்கள், சொல்லாதவர் எப்படிப்பட்டவர் என்பதை ஆய்வேட்டின் முதல் அட்டவணையிலேயே போடுங்கள். அந்த அட்டவணை இல்லாத ஆய்வேட்டில் வழிகாட்டிகள் கையெழுத்திட வேண்டாம்.

அரங்கில் மருத்துவர்கள் பலர் இருக்கிறீர்கள். உங்கள் மேசையில் இப்போது ஏதாவது ஒரு வினாத்தாள் கிடக்கலாம், கைபேசியில் ஓர் இணைப்பு காத்திருக்கலாம். கேட்டவர் ஒழுங்காகக் கேட்டிருந்தால் இந்த வாரமே நிரப்பி அனுப்பிவிடுங்கள்.